பந்தலைப் பிரிக்க வேண்டாம் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாதது என் தப்புதான். போனில் நீங்கள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கலாமா என்று கைப்பட எழுதிக் கேட்டிருந்ததைப் படித்ததும் எனக்கு என்ன எழுதுவது என்றே ஓடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஜெர்மனியில் ட்ரியர் என்ற ஊருக்குப் போய்வந்தேன். மாத டிக்கெட்டிலேயே ரயிலில் போகலாம், தனிச்செலவு கிடையாது. கீழ்வீட்டுப் பாட்டிதான் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை வாளியை நகர்த்தினால்கூட மேலே வந்து கதவைத் தட்டுவார் என்று சொன்னேனே, அவர்தான். அவர் மோசெல் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவராம். எங்கள் அப்பா கம்பத்தில் திராட்சை போடுகிறார் என்று சொன்ன நாளிலிருந்து என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

ட்ரியர் ரோமானியர் கட்டிய ஊர், 2000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர் வாசலில் போர்ட்டா நிக்ரா என்று கறுத்துப்போன பெரிய கோட்டைவாசல் நிற்கிறது. சுண்ணாம்பே வைக்காமல் கல்மேல் கல் அடுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து ஈயம் ஊற்றியிருக்கிறார்கள், அந்த இரும்புக்காகப் பின்னால் வந்தவர்கள் கல்லைக் குடைந்து எடுத்த ஓட்டைகள் இன்னும் தெரிகின்றன, அப்படியும் அது சாயவில்லை. ஆற்றுப் பாலத்தின் தூண்களும் அந்தக் காலத்தவைதான், மேலே கார் போகிறது.

மியூசியத்தில் ஒரு கல்படகு பார்த்தேன். ஒயின் பீப்பாய் ஏற்றிய படகை ஆட்கள் துடுப்புப் போட்டு ஓட்டுகிற மாதிரி 220ஆம் வருஷ வாக்கில் செதுக்கியது. யாரோ ஒரு ஒயின் வியாபாரியின் சமாதியில் இருந்ததாம். படகுக்காரர்களில் ஒருவர் முகத்தில் மட்டும் சிரிப்பு. ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

இங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது அப்பா. செங்குத்தான மலைச்சரிவில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு, இல்லாவிட்டால் வரிசையாகக் கம்பி. கீழே மண்ணே தெரியாமல் கறுப்புப் பலகைக்கல் சில்லு. பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்து ராத்திரி கொடிக்குக் கொடுக்குமாம். சரிவில் மெஷின் ஏறாத இடங்களில் கையால்தான் பறிக்கிறார்கள். பாட்டி சின்ன வயசில் முதுகில் கூடை கட்டிச் சுமந்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரே ஒரு அறுவடை. நாங்கள் இரண்டு, சில வருஷம் மூன்று எடுப்போம் என்றேன், நம்பவே இல்லை.

அப்புறம் அவர் செலவிலேயே புது ஒயின் வாங்கிக் கொடுத்தார். இன்னும் நுரைத்துக்கொண்டே இருப்பதால் பாட்டில் மூடியை இறுக்க மாட்டார்கள். கூடவே நம் வெங்காய அடை மாதிரி ஒன்று. ஒரு டம்ளர் குடித்தேன், உங்களிடம் மறைக்கவில்லை, அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

பழைய ரோமானிய அரங்கத்தை ஒட்டியே திராட்சைத் தோட்டம் ஏறுகிறது. பழம் பறித்தாகிவிட்டது, இலை மஞ்சளாகி நின்றது. ஒரு கொடியின் அடித்தண்டைத் தொட்டேன். நம்முடையது போலவே பட்டை நார்நாராக உரிந்து கையோடு வந்தது. மருந்தடித்த மறுநாள் காலையில் பந்தலுக்கடியில் குனிந்து போவோமே, அந்த வாசனைக்கு மனசு அடித்துக்கொண்டது. பாட்டி பார்த்துவிடக் கூடாதென்று குளிரில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றேன். அவர் தன் துண்டை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார்.

பந்தலைப் பிரிக்க வேண்டாம் அப்பா. போன வருஷம் மழையில் பழம் வெடித்துப் போனதும், வியாபாரி விலையைக் குறைத்ததும் எனக்குத் தெரியும். சொசைட்டிக் கடனுக்கு இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம், அவ்வளவுதான். ஷிப்டு நிறைய கிடைக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறேன். அறையில் கூட இருந்தவன் காலி செய்துவிட்டான், இடம் தாராளமாக இருக்கிறது.

தங்கச்சி பீஸுக்கு கூடலூர் மாமாவிடம் கேட்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். தெற்கு மூலையில் சாய்ந்த கல்தூணைச் சித்தப்பாவை வைத்து நிமிர்த்திவிடுங்கள், அதன் மேல் ஓடும் கம்பியும் துரு ஏறியிருக்கும். கவாத்து முடிந்ததும் தங்கச்சியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பாட்டிக்குக் காட்ட வேண்டும்.