ராத்திரி மூன்று மணிக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் டிஸ்க் போய், நான் எடுத்த வாய்மொழிப் பேட்டிகளின் பதிவுகள் அழிந்தது உங்களுக்குத் தெரியும், அதை விரிவாகத் திரும்பச் சொல்ல மனசில்லை. பதினோரு பேரின் குரலில் எட்டுப் பேருடையது மீண்டுவிட்டது. ராப்பகலாக உட்கார்ந்து டிஸ்க்கை மீட்டவர், முன்பே தட்டச்சு செய்ததைத் தேடி அனுப்பியவர்கள், பணம் போட்டவர்கள், என்னை நாலு தடவை அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் உள்ள வால்தமுக்குக் காரில் கூட்டிப்போன நண்பர், எல்லாருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண்ணுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மீளாத மூன்றில் ஒன்று, 1960களில் வால்தமில் ரேதியான் என்ற மின்னணுக் கம்பெனியின் தொழிற்சாலையில், மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன அப்போலோ விண்கலத்தின் கணினிக்கு நினைவகம் நெய்த அம்மாவுடையது. நெய்த என்று அலங்காரமாகச் சொல்லவில்லை. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதிய நிரலை அந்தத் தொழிற்சாலைப் பெண்கள்தான் கம்பியாகக் கோத்தார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். 36,864 ‘சொற்கள்’ (ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்த தொகுதிகள்) கொண்ட நிரந்தர நினைவகம் முழுக்க இப்படி ஊசியும் கையுமாக உருவானது. நிலவில் நடந்த 12 பேரிடம் கேட்க எத்தனையோ பேர் போனார்கள், நாசாவே ஜான்சன் மையத்தில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. இந்த அம்மாக்களைத் தேடி வந்தவர்கள் குறைவு, இவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல்.

அந்த அம்மாவுக்குச் சில நாள் மகள் பெயரே நினைவுக்கு வருவதில்லை. மறுபடி கேட்கலாம் என்ற நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன். போன வாரம் ராத்திரி மூன்று மணிக்கு பிரஷர் பார்க்க அந்த இரவுப் பணிப் பெண் போனபோது, அவர் கட்டில் மேசை மேல் விரலால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாராம். நான் வரவேற்பறையில் அழுததைப் பார்த்தவர் இவர். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை அந்தக் கையில் கொடுத்துவிட்டு, போனில் ரெக்கார்டரைப் போட்டு, நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். அந்த அம்மா ஸ்ட்ராவைத் தள்ள, இவர் வாங்கித் திருப்பித் தள்ள, பேச்சு வந்துவிட்டது.

நாற்பத்தோரு நிமிடம். பிரஷர் மெஷின் சத்தம், பக்கத்து அறை இருமல், நடுநடுவே இவர் கேட்கும் ஒரே கேள்வி, “அப்புறம்?” மூன்று பக்கம் கேள்வி எழுதிக்கொண்டு போன எனக்குக் கிடைக்காதது எல்லாம் இதில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து கோத்த தோழி கடிகாரக் கம்பெனியிலிருந்து வந்தவளாம், மேற்பார்வையாளர் திரும்பி நிற்கும் நேரம் பார்த்து ஊசியோடு ஒரு பெப்பர்மிண்ட்டையும் தள்ளிவிடுவாளாம்.

இனி எந்தப் பதிவும் அன்று இரவுக்குள் மூன்று இடத்தில் இருக்கும், இது உறுதி. இன்னும் பேட்டி எடுக்காத நால்வர் பாக்கி, சனிக்கிழமை ஒருவரிடம் போகிறேன்.

நேற்று அந்த அம்மாவின் மகளுக்கு இந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பெப்பர்மிண்ட் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி மறுபடி கேட்டார்.