மாடிப்படியில் உட்கார்ந்த புனிதை

திண்டுக்கல்,
அக்டோபர் 3

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கையில் கிடைத்துப் பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியாமற்போனதற்குக் காரணம் அப்பாதான். ஆடி மாதக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்றாலும், 86 வயதில் தனியே நடக்கும் தைரியம் அன்றோடு போய்விட்டது. கட்டிலிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கும் இப்போது நான்தான் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறேன்.

ஓய்வு பெற்றபின் அதிகாலையில் அரை மணி நேரம் தியானத்தில் உட்காரத் தொடங்கியிருப்பதாகவும், பத்தாவது நிமிடத்திலேயே தலை தொங்கிவிடுவதாகவும், இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவமாகச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தாய். அதோடு, செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படிக்கும் உன் மைத்துனரைச் சகித்துக்கொள்ள எந்தப் புனிதரிடம் மன்றாடலாம் என்றும் பாதி விளையாட்டாக எழுதியிருந்தாய். இரண்டுக்கும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவேன். முந்தாநாள் திருநாள் கொண்டாடினோமே, அந்தக் குழந்தை தெரேசாளை.

நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். நானும் சுளித்தவன்தான். பாடுபட்ட சிலுவையையும் ரோஜாக்களையும் அணைத்தபடி மெழுகுப் பொம்மைபோல் நிற்கும் அந்தச் சொரூபம் அவருக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டது என்பது என் எண்ணம். பிரான்சில் லிசியே நகரக் கார்மேல் கன்னியர் மடத்தில் 15 வயதில் நுழைந்து, அதைவிட்டு வெளியே வராமலே 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயால் 24 வயதில் இறந்த அந்தப் பெண், மடத்துத் தலைவியின் கட்டளைக்குப் பணிந்து எழுதிய குறிப்பேடுகளை இந்த வருடம்தான், அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து முழுமையாகப் படித்தேன். பொம்மை எழுதக்கூடிய எழுத்தல்ல அது.

முதலில் உன் தூக்கம். ஏழு வருடமாகச் செப நேரத்திலும், நற்கருணை வாங்கியபின் நன்றி செலுத்தும் நேரத்திலும் தாம் தூங்கிவிடுவதாக அவரே எழுதுகிறார். அதற்காக வருந்தத்தான் வேண்டும், ஆனால் வருத்தம் வரவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியம் ஒன்றுதானே, அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் நோயாளியைத் தூங்க வைத்துத்தானே வேலையைத் தொடங்குகிறார் என்பது அவர் கணக்கு. இப்படிச் சொன்னவரைத்தான் 1997இல் திருச்சபை மறைவல்லுநர் என்று, அதாவது எல்லோருக்கும் விசுவாசம் கற்பிக்கும் ஆசிரியர் என்று அறிவித்தது. எனவே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு இதைக் கொண்டுபோகாதே. சாமியாரும் பாவம், வரிசை நீளம்.

மைத்துனர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. மாலைத் தியானத்தின்போது தெரேசாளுக்குப் பின்னால் ஒரு சகோதரி, இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசுவதுபோல் ஒரு சத்தத்தை எழுப்பிக்கொண்டே இருப்பாராம். திரும்பி ஒரு முறை முறைத்தால் போதும், சத்தம் நின்றுவிடும். தெரேசாள் திரும்பவில்லை, ஆனால் அடக்கிக்கொண்டதில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். கடைசியில், கேட்காமல் இருக்க முயல்வதை விட்டுவிட்டு, அது ஏதோ அருமையான கச்சேரி என்பதுபோல் காதைத் தீட்டிக் கேட்டு, அந்தக் கச்சேரியையே இயேசுவுக்குக் காணிக்கையாக்கினாராம். அப்பா செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு ‘அருள்நிறைந்த மரியே’ மன்றாட்டுக்கும் பல்செட்டு ‘டக்’கென்று தட்டும். மாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் அந்தத் தட்டலைக் கேட்ட பிறகு, அந்த வேர்வை எனக்கு நன்றாகப் புரிகிறது.

எல்லா நாளும் கச்சேரி கேட்க முடிவதில்லை. அதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கிறது. என்னை மிகவும் தேற்றியது அதுதான். தலைவி நோயுற்றுப் படுத்திருந்த ஒரு நாள், தம் பொறுப்பிலிருந்த சாவிகளைத் திருப்பி வைக்கத் தெரேசாள் போகிறார். தலைவி விழித்துவிடுவார் என்று பயந்து இன்னொரு சகோதரி சாவிகளை வாங்கப் பார்க்க, இவர் கொடுக்க மறுக்க, அந்தச் சலசலப்பில் தலைவி விழித்துக்கொள்கிறார். பழி முழுவதும் தெரேசாள்மேல் விழுகிறது. வாயைத் திறந்து வாதாடினால் மன அமைதி போய்விடும், பேசாமல் நிற்கவோ தம்மிடம் வலு இல்லை என்று தெரிந்ததும், ஒரே ஓட்டமாக வெளியே ஓடிவிடுகிறார். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் தொலைவாகப் போகவும் முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இதில் வீரம் ஒன்றும் இல்லை, தோற்பது உறுதி என்றால் களத்தில் இறங்காமல் இருப்பதே மேல் என்று அவரே சொல்கிறார். ஓடிப்போனதை வெட்கமின்றி எழுதி வைத்த புனிதர் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டு மாடிப்படியின் நான்காவது படி இப்போது என்னுடையது. கஞ்சி சூடாக இருக்கிறது என்பார் அப்பா; ஆற்றிக் கொடுத்தால் ஆறிவிட்டது என்பார்; துண்டை நான்காக மடித்துத் தோளில் போடாவிட்டால் மறுபடி மடிக்கச் சொல்வார். நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டால், ‘இதோ வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு அந்தப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டு நிமிடம் போதும்.

புனித பேதுருவின் பெயரைத் தாங்கிய ஒரு வயதான சகோதரியைப் பற்றியும் தெரேசாள் எழுதியிருக்கிறார். தினமும் மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு அந்தப் பாட்டி மணல் கடிகாரத்தை ஆட்டுவார். தம்மை உணவறைக்கு அழைத்துப் போகத் தெரேசாளுக்கு அது அடையாளம். இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். கொஞ்சம் விரைந்தால் ‘நான் விழுந்து நொறுங்கப் போகிறேன்’ என்பார். கொஞ்சம் நிதானித்தால் ‘உன் கை எங்கே, விட்டுவிட்டாயா’ என்பார். உனக்கு வயது போதாது என்ற பாட்டு வேறு. உணவறையில் உட்கார வைத்து, சட்டைக்கையை அவருக்குப் பிடித்த விதத்தில் மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் முடங்கிப்போன கைகளால் பாத்திரத்தில் ரொட்டியைப் பதமாக வைத்துக்கொள்ள அவர் தடுமாறுவதைத் தெரேசாள் கவனித்துவிட்டார். யாரும் சொல்லாத அந்த வேலையையும் செய்துவிட்டு, ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போக ஆரம்பித்த பிறகே பாட்டி இறங்கி வந்தாராம்.

இதைப் படித்த மறுநாள் அப்பா சாப்பிடுவதை உற்றுப் பார்த்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் விளிம்பு உதட்டுக்கு எட்டுவதற்குள் கஞ்சி சட்டையில் சிந்துகிறது. அது தெரியாமலிருக்கத்தான் துண்டைக் கேட்கிறார். இத்தனை நாளாக மடித்துக் கொடுத்தவனுக்கு இது தெரியவில்லை. இப்போது டம்ளரில் பாதிதான் ஊற்றுகிறேன். துண்டை மட்டும் இன்னும் நான்காக மடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். விடுதியில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அதிரசம் கொண்டுவந்தவர் அவர். உன் பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது. மைத்துனரையும் அழைத்து வா. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் செய்தித்தாளை யாராவது உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

என்றும் உன்,
பழைய விடுதித் தோழன்