இன்கியுபேட்டருக்கு ஒரு ஜெனரேட்டர் லைன் வேண்டும்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

போன வாரக் காற்று மழையில் மரம் விழுந்து, இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். கூட்ட மண்டபத்துக்கு ஜெனரேட்டர் ஓடியதும் தெரியும். கலங்களைச் சூட்டில் வைத்து வளர்க்கும் பெட்டியான எங்கள் ஆய்வுகூட இன்கியுபேட்டர் அந்த லைனில் இல்லை என்று பல தடவை எழுதித் தந்துவிட்டோம். இப்போதும் அதையேதான் கேட்கிறேன்: அதை ஜெனரேட்டரோடு இணைத்துத் தாருங்கள்.

காலையில் கதவைத் திறந்தால், கலங்கள் வளரும் திரவமான வளர்ப்பு ஊடகத்தின் சிவப்பு நிறம் ஊதாப் பக்கம் திரும்பியிருந்தது. பெட்டிக்குள் காபனீரொக்சைட்டு குறைந்தால் அப்படித்தான் ஆகும். 37 பாகையில் இருக்க வேண்டிய கலங்கள் மலைக்குளிரில் உருண்டு, நாங்கள் தட்டில் பதித்த புரதக் கோடுகளை விட்டுக் கழன்று மிதந்தன.

அந்தக் கோடுகள் சும்மா வந்தவையா? 10 பங்கு சிலிக்கோனுக்கு 1 பங்கு இறுக்கும் பொருள் கலந்து, குமிழ் போக்கி, அச்சில் வார்த்து, சூட்டில் இறுக்கி முத்திரை செய்கிறோம். அதில் கலங்கள் ஒட்டும் லமினின் புரதம் பூசி பொலிஸ்டைரீன் தட்டில் ஒற்றினால், 20 மைக்ரோமீற்றர் அகலக் கோடுகள் பதியும். மீதி இடத்தைப் பொலிஎதிலீன் கிளைக்கோல் கொண்ட பல்பகுதியத்தால் மூடிவிடுவோம். அங்கே புரதமும் ஒட்டாது, கலமும் ஒட்டாது. அப்புறம்தான் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் கலங்கள் கோட்டோடு கோடாக ஒரே திசையில் நீளும். அறுந்த நரம்பு மீண்டும் வளர வழிகாட்டும் குழாய்க்கு இந்த ஒழுங்குதான் வேண்டும். இத்தனையும் ஒரே இரவில் போய்விட்டது.

1997இல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் இப்படிப் பதித்த சின்னஞ்சிறு தீவுகளில் இரத்தக்குழாய்க் கலங்களை அடைத்துப் பார்த்தார்கள். பரவ இடமில்லாதவை மடிந்தன, இடம் கிடைத்தவை வாழ்ந்தன. அதை வாசித்த அன்று எனக்கு எங்கள் 10க்கு 12 அடி லயக் காம்பராதான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அந்த அறைதான், நினைவுக்கு வந்தது.

உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலைகள் எத்தனையோ. அதையும் தாண்டி வந்தவர்களிடம் "கொழும்பில் போய்ச் செய்யுங்கள்" என்கிறீர்கள். லக்சபான, மேல் கொத்மலை என்று நாட்டுக்கே மின்சாரம் தருவது இந்த மலைத் தண்ணீர். அதே மலையில் ஓர் இன்கியுபேட்டர் இருட்டில் கிடக்கலாமா?

கோபம் எழுத்தில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இந்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஓர் இணைப்பைத் தாருங்கள். புதிய முத்திரைகளை வார்த்து வைத்திருக்கிறோம், இணைப்பு வரும்வரை கலங்களை இடமாட்டோம். மின்னியலாளர் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால், மேசைகளை நாங்களே ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி ஒருத்தி