பீரோ கண்ணாடியில் ஏழு பொட்டுகள்

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் உங்கள் பேத்தி இதைப் போனில் படித்துக் காட்டிவிடுவாள். அவளுக்கு ஒரு வார்த்தை: சங்கடமாக இருக்கிறதென்று நடுவில் எதையும் தாண்டிப் போகாதே பாப்பா.

போன மாதம் திருமங்கலம் வந்திருந்தபோது துண்டு எடுக்க உங்கள் பீரோவைத் திறந்தேன். கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. மெரூன் கலர், எல்லாம் ஒரே அளவு. எண்ணிப் பார்த்தேன், ஏழு. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டி வைத்து, திரும்ப வந்ததும் அதை மறந்து புதிதாக ஒன்றை வைத்துக்கொள்கிற உங்கள் பழைய வழக்கம். மாமா போய் ஒன்பது வருஷமாகிறது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் மட்டும் மெல்லிய வளையமாகத் தூசி. துடைக்கும்போது துணி அவற்றைச் சுற்றித்தான் போயிருக்கிறது. துண்டை எடுக்காமலே பீரோவை மூடிவிட்டேன்.

பதினாறாம் நாள் நான் அங்கேதான் இருந்தேன், ஆனால் வெளியே. பந்தல்காரரிடம் பாக்கி பேசிக்கொண்டிருந்தேன். ஆம்பளைகளுக்கு அந்த நேரம் பார்த்து ஏதாவது கணக்கு வந்துவிடும். உள்ளே நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். தலை கொள்ளாமல் பூ வைத்தார்களாம், நெற்றி நிறையக் குங்குமம், இரண்டு கையிலும் புது வளையல். எல்லாமே கொஞ்ச நேரத்தில் பிடுங்குவதற்கும் உடைப்பதற்கும்தான். எடுக்கப்போவதை எதற்காக அவ்வளவு அள்ளி வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது.

என் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டோடு வாசலை மறித்து நின்றவர் நீங்கள். ஐநூறு ரூபாய் போட்டால்தான் வழி என்று சொல்லி, நூறு நூறாகக் கறந்தீர்கள். அதே நீங்கள் என் வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்து கொல்லைக் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் உங்கள் சீட்டுப் பணம் இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு, "சுமங்கலிங்க மட்டும் முன்னாடி வாங்க" என்று யாரோ சத்தம் போட்டார்கள். யாரோ என்ன யாரோ, நம் வீட்டு ஆள்தான். என் காதில் நன்றாக விழுந்தது. நல்ல நேரத்தில் எதற்கு வம்பு என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கியது. குழாயடிப் பாத்திரச் சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் வந்தது தங்கச்சியின் புரட்சி. பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில், மண்டபம் நிறைய ஜனம் இருக்கும்போது, உங்கள் முகவாயைப் பிடித்து நெற்றியில் ஒரு பொட்டை ஒட்டினாள். நாலு போன்கள் படம் பிடித்தன. நான் கைதட்டினேன். அன்று இரவே ஃபேஸ்புக்கில் படம் வந்தது, பெரியார் மண் என்றெல்லாம் எழுதி. நானும் ஒரு இதயம் போட்டேன். நீங்கள் பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தீர்கள். பொட்டு இல்லை. தேய்த்த இடம் சிவந்திருந்தது. பஸ் ஏறும்போது என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "எடுக்கறப்பயும் என்னைய யாரும் கேக்கல. வைக்கறப்பயும் கேக்கலப்பா."

இந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

மேடைகளில் சொல்வார்களே, 'விதவை' என்ற எழுத்தில் பொட்டே இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு கிடைக்கும் என்று. அதைக் கேட்டு நானும் விசிலடித்திருக்கிறேன். அந்த இரண்டு பொட்டும் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று விசாரித்ததில்லை.

2023 ஆகஸ்டில் வந்த ஒரு உயர் நீதிமன்றத் தீர்ப்பை உங்களுக்குப் படித்துக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? ஈரோடு மாவட்டத்தில் ஒரு அம்மா. கணவர் பூசாரியாக இருந்த கோயிலுக்கே, விதவை என்பதால் வரக்கூடாது என்று தடுத்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு மகனோடு போகப் பாதுகாப்புக் கேட்டு வழக்குப் போட்டார். பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு அடையாளம் உண்டு, கல்யாணமானவளா இல்லையா என்பதை வைத்து அது குறைந்துவிடாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதினார். நான் உணர்ச்சிவசப்பட்டுப் படித்து முடித்தேன். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே, "போலீசோட போயா சாமி கும்புடணும்?" என்றீர்கள். எனக்குப் பதில் வரவில்லை. மகாராஷ்டிராவில் ஹேர்வாட் என்ற ஊர்ப் பஞ்சாயத்து, வளையல் உடைப்பதும் பொட்டு அழிப்பதும் இனி எங்கள் ஊரில் கிடையாது என்று 2022இல் தீர்மானமே போட்டது. அதைச் சொன்னதற்கு, "ஊரே சொன்னாத்தான் ஆகும்" என்றீர்கள். அது சரி.

ஆனால் மெரினாவில் நீங்கள் கேட்டதுதான் எனக்கு மறக்கவில்லை. ஐஸ் ஹவுஸைக் காட்டினேன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளை வைக்கக் கட்டியது, இப்போது விவேகானந்தர் இல்லம். நடுவில் ஒரு காலம், சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளை அங்கே தங்கவைத்துப் படிக்க வைத்தார். அவரே சின்ன வயதில் கணவனை இழந்தவர், 1911இல் பி.ஏ. முடித்தவர் என்று வருஷத்தோடு ஒப்பித்தேன். நீங்கள் அண்ணாந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளைகளுக்கு ஜன்னல்ல கடல் தெரிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டீர்கள்.

தெரிந்திருக்கும் அத்தை. எதிரேதானே கடல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் சின்னவளுக்குக் காதுகுத்து. ஆரத்திக்கு மூன்று பேர் என்று வழக்கம்போல அம்மா பட்டியல் போட்டார்கள். முதல் பெயர் உங்களுடையது என்றேன். வீட்டில் இரண்டு நாள் சத்தம், அம்மா என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார்கள். அம்மாவுக்கும் உள்ளூர ஆசைதான், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான்.

பட்டியல் போட்டுவிட்டு உங்களைக் கேட்கிறேன் பாருங்கள், இதுவும் தப்புதான். அதனால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. தட்டு எடுக்க விருப்பம் என்றால் எடுங்கள். திருநீறு மட்டும் போதும் என்றால் அப்படியே வாருங்கள், யாரும் உங்கள் முகவாயைத் தொட மாட்டார்கள், தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை என்றாலும் சரி, முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன், உட்கார்ந்து பாருங்கள். குழாயடிப் பக்கம் மட்டும் போகாதீர்கள், பாத்திரத்துக்கு ஆள் வைத்திருக்கிறேன்.

பூக்காரம்மாவிடம் ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை சொல்லியாயிற்று. எண்ணிக்கையில் நீங்களும் உண்டு. அதைத் தலையில் வைப்பீர்களோ, மாமா படத்துக்குப் போடுவீர்களோ, அது உங்கள் பாடு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்