துண்டு அரசியல்தான், அதுக்காக?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

எங்க ஊரு பக்கத்து ஸ்கூல் ஆண்டு விழாவுல பேண்டு புள்ளைங்க பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு வாசிச்சது பத்தி போன வாரம் நம்ம பேப்பர்ல செய்தி வந்துச்சு, அதுக்கப்புறம் ரெண்டு கடிதமும் வந்துச்சு, ஒருத்தரு புள்ளைங்கள வச்சு அரசியல் பண்றாங்கங்குறாரு, இன்னொருத்தரு வெறும் துண்டுல என்னய்யா அரசியல்னு கேக்குறாரு. ரெண்டு பேரும் அன்னிக்கு மைதானத்துல இருந்த மாதிரி தெரியல. நான் இருந்தேன். என் பேத்தி எட்டாவது படிக்குது, அந்த பேண்டுல சைடு டிரம். நானும் பேண்டு செட்டுக்காரன்தான், முப்பது வருசத்துக்கு மேல கிளாரினெட் ஊதுறேன்.

பி.டி. சார் ஒரு மாசமா ட்ரில் குடுத்தாரு. மேட்டூர்ல தண்ணி தொறந்து விடுறதுதான் ஐடியா. பதினாறு புள்ளைங்க தோளோட தோள் ஒட்டி மதகு மாதிரி நிக்கும், பேஸ் டிரம் மூணு அடி விழுந்ததும் ரெண்டு பக்கமும் வெலகும், பின்னாடி நிக்கிற டிரம்பெட்டு, கிளாரினெட்டு எல்லாம் வாசிச்சுக்கிட்டே அந்த வழியா ஆறு மாதிரி வளைஞ்சு வரணும். (பதினாறு கண் மதகுல வர்றது உபரித் தண்ணி, பாசனத்துக்கு விடுற வழி வேறன்னு நான் சார்ட்ட சொன்னேன், அதெல்லாம் பாக்குறவங்களுக்குத் தெரியாது தாத்தான்னுட்டாரு. டெல்டாவுல தெரியாதாம்!) எல்லாருக்கும் தோள்ல பச்சைத் துண்டு.

பாதி போய்க்கிட்டு இருக்கும்போது மேடையில இருந்த ஒருத்தரு இது விவசாய சங்கத்துத் துண்டாச்சேன்னு எந்திரிச்சாரு, குசுகுசுன்னு பேசுனாங்க, ஒடனே மைக்குல "மாணவர்கள் துண்டை அகற்றவும்"னு அறிவிப்பு. வாசிச்சுக்கிட்டு இருக்குற புள்ள எப்படிங்க எடுக்கும்? டிரம் மாட்டுற பெல்ட்டு துண்டுக்கு மேல கெடக்கு, டிரம்ம கழட்டி தரையில வச்சாத்தான் துண்டு வரும். பேஸ் டிரம் பையனால குனியவே முடியல, பக்கத்துல ஜால்ரா தட்டுன பையன் அவன் கழுத்துலேருந்து உருவுனான், தாளம் அங்கயே செத்துப்போச்சு. அப்பறம் என்னத்த வாசிக்கிறது. என் பேத்தி ஒரு கையில குச்சி, ஒரு கையில துண்டு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம என்னயப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

இப்ப துண்டுல அரசியல் இல்லன்னு எழுதுன அன்பருக்கு. இருக்குங்க, ஏன் பொய் சொல்லணும்? நாராயணசாமி நாயுடு காலத்துலேருந்து விவசாய சங்கத்துக்கு அடையாளம் பச்சைத் துண்டு, இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். தண்ணியே இங்க அரசியல்தானே. காவிரி நடுவர் மன்றம் 2007ல கர்நாடகா 192 டிஎம்சி விடணும்னு சொன்னுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட்டு அத 177.25ஆ கொறச்சுச்சு, எங்க வூட்ல வாய்ப்பாடு தெரியாத பேத்திக்கு இந்த ரெண்டு நம்பரும் தெரியும், ஏன்னா சோறு திங்கும்போது நாங்க பேசுறது அதத்தான். ஜூன் 12 வந்தா மேட்டூரத் தொறப்பானா மாட்டானான்னு குறுவைக்கு வெத வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற வூட்டுப் புள்ள பேண்டு வாசிச்சா வேற எதப் பத்தி வாசிக்கும்?

பேண்டுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லங்குறதும் சரியில்ல. சரபோஜி மகாராஜா தஞ்சாவூர் அரண்மனையில வெள்ளக்கார வாத்தியமெல்லாம் வரவழச்சு பேண்டு வச்சிருந்தாரு, யாரு பெரியவங்கன்னு ஊருக்குக் காட்டத்தான் ராஜாவும் கம்பெனிக்காரனும் பேண்டு வச்சதே. அதே காலத்துலதான் நம்ம திருவாரூர் முத்துசாமி தீட்சிதர் இங்கிலாந்து ராஜாவ வாழ்த்துற பாட்டோட மெட்ட எடுத்து அதுல சம்ஸ்கிருதத்துல அம்மன் பாட்டு எழுதிட்டாரு, ராஜா போயி அம்மன் வந்துட்டா. என் பொழப்பையும் சொல்லிடுறேன், எங்க செட்டுல கல்யாணத்துக்கு ஒரு கோட்டு, கட்சிக் கூட்டத்துக்கு ஒரு கோட்டு, எந்தக் கட்சி கூப்டாலும் போவோம், தோள்ல தொங்குற பட்டைய மட்டும் மாத்திக்குவோம். பெரியவங்க நாங்க மாத்திக்கலாம், எங்களுக்கு காசு.

அதுனால பி.டி. சார் முன்னாடியே ஹெச்.எம்.கிட்டயும் பெத்தவங்ககிட்டயும் கேட்டிருக்கணும், அது அவரு தப்புதான். ரிகர்சல் பாத்த ஹெச்.எம். அன்னிக்கே வேணாம்னிருக்கலாம், எடுத்து வச்சிருப்போம். இப்ப சாருக்கு மட்டும் மெமோ குடுத்திருக்காங்களாம். மேடையில கட்சிக் கரை வேட்டியோட உக்காந்திருந்தவருக்கு யாரு மெமோ குடுக்குறது?

ஆனா எனக்கு வயித்தெரிச்சல் அதுல இல்ல. இது எந்த மண்ணுங்க? எங்க அப்பாரு காலத்துல பண்ணை வூட்டுக்கு முன்னாடி போனா தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கணும், இல்லன்னா சவுக்கடி, சாணிப்பால் (சாணியக் கரைச்சுக் குடிக்க வைக்கிறது). அந்தத் துண்டு தோள்லயே கெடக்கட்டும்னு சொல்றதுக்கு பி. சீனிவாசராவ்னு ஒரு கம்யூனிஸ்ட் தலைவரு வர வேண்டியிருந்துச்சு, அவரு கர்நாடகாவுல பொறந்தவரு, அதையும் சேத்து எழுதிக்குங்க. அன்னிக்கு துண்டு செவப்பு, இப்ப பச்சை. கலரு என்னமோ இருந்துட்டுப் போவுது, மேடையில நாற்காலி போட்டு உக்காந்தவங்க கீழ நிக்கிறவங்களப் பாத்து துண்ட எடுன்னு மைக்குல சொன்னப்ப எனக்கு எங்க அப்பாரு நெனப்புதான் வந்துச்சு. அந்த அறிவிப்பு குடுத்தவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது, வயசு கம்மி. ஆனா என் பக்கத்துல உக்காந்திருந்த கெழவங்க ரெண்டு பேரு படக்குனு எந்திரிச்சு வெளிய போனாங்க, அது எந்தப் பேப்பர்லயும் வரல.

கடைசியா ஒரு விசயம். அந்தத் துண்டெல்லாம் மூட்டையா கட்டி ஹெச்.எம். ரூம்ல போட்டு வச்சிருக்காங்களாம். ஸ்கூல் காசு இல்லங்க, ஒண்ணு எம்பது ரூவான்னு நாங்க குடுத்து வாங்குனது. எங்க வூட்டுத் துண்டுல ஓரத்துல பேத்தி பேரு தச்சிருக்கு. ஆளனுப்ப வேணாம், நானே வந்து வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கிளாரினெட்காரன்,
மன்னார்குடி பக்கம்.