கெம்பேர் மண் சிலைகள் வெறும் ஷோகேஸ் பொம்மை இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஞாயிறு மலர்ல பிரான்ஸ் பீங்கான் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பிரான்ஸோட மேற்குக் கோடியில இருக்கற பிரிட்டனி பக்கம் கெம்பேர் ஊர்ல செய்ற மாதா, அன்னம்மாள் சிலைகளை ஒரே வரியில டூரிஸ்ட் சாமான்னு தள்ளிவிட்டுட்டீங்களே சார், அதான் மனசு கேக்கல. ஓதே ஆத்தங்கரையில லொக்மாரியான்னு ஒரு ஏரியா, 1700 வாக்குலயே அங்க சூளை வந்தாச்சு. களிமண்ணை அச்சுல அழுத்தி எடுத்து, ஒரு தடவை சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சுல முக்கி, அது காஞ்சு மாவு மாதிரி நிக்கும்போதே அதுமேல பிரஷ்ஷால வரையணும், கை தவறுனா அழிக்கவே முடியாது, அப்புறம்தான் ரெண்டாவது தடவை சூளைக்குப் போகும். அன்னம்மாள் சிலையைக் கொஞ்சம் கிட்ட பாருங்க, மக மரியாளுக்குப் புக்கை விரிச்சு வச்சு படிக்கச் சொல்லிக் கொடுக்கறாங்க. பிரிட்டனிக்கே காவல் தெய்வம் அவங்கதான். அப்புறம் 1303ல இறந்த, வக்கீல்களுக்குக் காவலரான புனிதர் ஈவ் சிலை இருக்கே, அதுல ஒரு பக்கம் பணக்காரன் ஒரு பக்கம் ஏழைன்னு நடுவுல நிப்பார் (நம்ம கோர்ட் வாசல்லயும் ஒண்ணு வைக்கலாம்!).

இதுல பெண்கள் உழைப்பு எவ்வளவோ இருக்கு, ஆனா சிலைக்கு அடியில இருக்கறது பெரும்பாலும் கம்பெனி முத்திரைதான். பிரிட்டனியில லூதியாக் ஊர்ல 1895ல பிறந்து 1926லயே போய்ச் சேந்த ஜான் மாலிவெல்ங்கற பெண் கலைஞர், பிரெட்டன் (அதாவது பிரிட்டனி) கலைக்காக 1923ல குழு ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், பீங்கானுக்கும் டிசைன் பண்ணவங்க, அவங்க பேரு கூட உங்க கட்டுரையில இல்ல. அடுத்த வாரம் அவங்களைப் பத்தி ஒரு அரைப் பக்கமாவது போடுங்க சார்.

– ஒரு பழைய வாசகர்