பாட்டெழுதுகிறவனுக்கும் ஓர் அண்ணாவியார் வேண்டும்

மட்டக்களப்பு மாநகர சபைக்கும் பொது நூலகத்தைக் கொண்டு நடத்துவோருக்கும்,

வணக்கம். சனிக்கிழமை பின்னேரங்களில் நூலகத்தில் ஓர் அறை கேட்டுத்தான் எழுதுகிறேன். பாட்டெழுதப் பழகும் பிள்ளைகளுக்கு.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி கைபேசியில் ஒரு மெட்டைப் போட்டு, தான் எழுதியதைப் பாடிக் காட்டினான். 'மனம் ஏங்குதே' என்று தொடக்கம். மெட்டோ முதல் எழுத்திலேயே நீண்டு நிற்கிறது. பாடப் பாட அது 'மானம் ஏங்குதே' ஆகிவிட்டது. ஏதோ இடிக்கிறது என்று அவனுக்கும் தெரிகிறது. எது என்றுதான் பிடிபடவில்லை. திண்ணையில் இருந்த கூத்துக்காரப் பெரியவர் சிரித்துவிட்டு, "மனே, இழுக்கிற இடத்தில நெடிலை வை" என்றார். 'நானும் ஏங்கினேன்' என்று மாற்றினான். மெட்டில் அப்படியே போய் உட்கார்ந்தது. இரண்டு நிமிட வேலை, ஆனால் அந்த ஆள் பக்கத்தில் இருந்ததால் நடந்தது.

கூத்துக்கு நம் ஊரில் இந்த ஏற்பாடு எப்போதிருந்தோ உண்டு. ஆடுகிறவருக்கு அவரவர் பாட்டை எழுதிய சட்டக் கொப்பி கொடுக்கும் நாள் தொட்டு அரங்கேற்றம் வரை, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் கூடவே நின்று திருத்துவார். பாட்டெழுதுகிறவனுக்கு யார்? போட்டி வைக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். தோற்ற பாட்டில் எந்த வரி சறுக்கியது என்று ஒருவரும் சொல்வதில்லை.

நூலகத்தில் பாட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். கதவைச் சாத்திக்கொள்கிறோம். அகராதியும் வசந்தன் கூத்துப் பாடலும் கோயில் சடங்கில் பாடும் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலும் ஒரே மேசையில் கிடைக்கும் இடம் வேறு எது? அந்தச் சந்தங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இன்னொன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டு எழுதியவருக்கு அதன் உரிமை தானாகவே வரும்; பதிய வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு வேறொருவர் 'என்னுடையது' என்று வந்தால் காட்ட ஏதாவது வேண்டுமே. திகதி முத்திரை குத்திய ஒரு பிரதியை நூலகம் வைத்திருந்தால் பெரிய உதவி.

செலவு அதிகமில்லை. சொல்லிக் கொடுக்க வருகிறவருக்கு பஸ் காசும் கையில் ஒரு சிறு தொகையும், எல்லாருக்கும் தேநீரும். வாகரைப் பிள்ளை கடைசி பஸ்ஸைத் தவறவிடாதபடி ஐந்து மணிக்கு முடித்துவிடலாம்.

அறைத் திறப்பை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்